அடுத்த செய்தி ஐந்தரை மணிக்கு

"படு. படு. ஜன்னல விட்டு இங்கிட்டு வா. செல்வம், தலையத் தூக்காத."

அது என்னிடம் சொன்னதல்ல. நான் திருநகரில் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே நிற்கிறேன். தோளில் பள்ளிக்கூடப் பை. காதில் போன். மாலை ஐந்து நாற்பத்திரண்டு. போனுக்குள் என் கணவர் கத்துகிறார்.

ஒரு சீழ்க்கை. நீளமானது. அது நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நான்கு வருவதற்குள் சத்தம். லாரியிலிருந்து கம்பிக்கட்டை மொத்தமாகக் கீழே தள்ளினால் வரும் சத்தம். அப்படி நான்கு. பிறகு யாரோ இருமினார்கள். பிறகு போன் கட்டாகிவிட்டது.

பக்கத்தில் நின்றவருக்கும் அது கேட்டிருந்தது. "என்னம்மா, சினிமாவா?" என்றார். ஆமாம் என்றேன். இந்தப் போரில் நான் சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு ஊருக்குச் சொன்னவை எல்லாம் உண்மைதான். உண்மையைச் சொல்லித்தான் ஓர் உயிரைக் கொன்றேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ராணி. திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் முருகேசன். பேரையூருக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க்காரர். கம்பி கட்டும் வேலையில் ஃபோர்மேன். வளைகுடாவில் ஒரு துறைமுகக் கட்டுமானத்துக்குப் போனார். நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. நம் ஆட்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். தனியாகப் போகவில்லை. கிணறு வற்றிய வருடம், தன் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். மொத்தம் பதினைந்து பேர். "நான் கூட்டிட்டு வந்தேன், நானே கொண்டுவந்து விடணும்" என்பது அவர் பேச்சு.

தேதி போடப்போவதில்லை. போர் தொடங்கிய நாள், பஸ்ஸை விட்டு இறங்கி அந்தச் சத்தத்தைக் கேட்ட நாள், முதல் நாள். என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள். கேம்ப்பில் மின்சாரம் போய்விட்டது. கேம்ப் என்றால் தகரப் பெட்டி அறைகள். பின்னால் எண்ணெய்க் கிடங்கு. குண்டு அதற்குத்தான் வருகிறது. இவர்கள் நடுவில் இருக்கிறார்கள். என் கணவர் பதினைந்து போனையும் வாங்கி ஒரு பெயின்ட் வாளியில் போட்டு மூடினார். இரண்டை மட்டும் வெளியே எடுத்தார். லாரி பேட்டரியில் இரண்டுக்குத்தான் சார்ஜ் ஏறும். ஒன்று அவரிடம். இன்னொன்று செல்வத்திடம். செல்வம் அவருக்கு அடுத்த ஆள். நிதானமானவன். அவனுடைய போன் அணைந்தே இருக்கும். "எனக்கு ஒண்ணு ஆனாத்தான் அது எரியும்" என்றார் என் கணவர்.

ஆட்கள் முணுமுணுத்தார்கள். பெண்டாட்டியிடம்கூடப் பேச விடாத இவர் என்ன ஃபோர்மேன் என்று ஒருவன் கேட்டானாம். அப்போதுதான் பெயர் வாசிக்கும் யோசனை எனக்கு வந்தது. வகுப்பில் செய்கிற மாதிரி. நம் ஊர் நேரம் மாலை ஐந்தரைக்கு அவர் கூப்பிட வேண்டும். நான் பெயர் வாசிப்பேன். ஒவ்வொருவரும் வந்து 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து போன் குழுவில் போடுவேன். பதினான்கு வீடும் கேட்கும்.

"ஏய், எங்களையும் ஸ்கூல்ல சேத்துட்டியா?" என்று சிரித்தார். ஆனால் செய்தார்.

புதிய வருகைப் பதிவேடு ஒன்று பள்ளியிலிருந்து எடுத்து வந்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். பதினைந்து பெயர் எழுதினேன். முதல் பெயர் கருப்பையா. கடைசிப் பெயர் முருகேசன். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், இருபது வயதுப் பையன், எல்லோரும் வரிசையாக வந்து 'உள்ளேன்' என்றார்கள். கருப்பையா மட்டும் பழக்கத்தில் 'உள்ளேன் ஐயா' என்றார். அவ்வளவு பேரும் சிரித்தது கேட்டது. அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐம்பத்தொரு விநாடி.

பெயர் வாசித்து முடிந்ததும் என் கணவர் மூன்று விஷயம் சொல்வார். என்ன நடந்தது. நாளைக்கு என்ன செய்யப்போகிறோம். அடுத்து எப்போது பேசுவோம். தெரியாததைத் தெரியாது என்பார். "கப்பல் வருதாமே?" என்று கேட்பேன். "தெரியாது." "பஸ் அனுப்புறாங்களாமே?" "தெரியாது. வந்தா ஏறுவோம்." கடைசியில், "அடுத்த செய்தி நாளைக்கு அஞ்சரைக்கு." கட்டாகிவிடும். கொஞ்சல் கிடையாது. எனக்குக் கோபம் வரும். பேட்டரிதான் முக்கியம் என்று அறிவுக்குத் தெரியும். மனசுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள். ஊரெல்லாம் வதந்தி. குழுவில் யாரோ ஒரு கப்பல் படத்தைப் போட்டார்கள். நம் ஆட்களை ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். யாரோ எரியும் கட்டடத்தைப் போட்டார்கள். அது வேறு நாடு. வேறு வருடம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் மூடப் பார்த்தேன். குழுவில் என்னைத் தவிர யாரும் எதுவும் போட முடியாதபடி செய்துவிட்டேன். செல்வத்தின் மனைவி தங்கம் உடனே போனில் வந்தாள். "டீச்சர், எங்க வாயவும் வாளில போட்டு மூடிட்டீகளா?" என்றாள். அவள் பேச்சு அப்படித்தான். மிளகாயைக் கடித்த மாதிரி இருக்கும்.

கோச்சடையிலிருந்து என் தம்பி வந்தான். அவன் எனக்கு நல்லதுதான் சொன்னான். "எதுக்குக்கா இந்த வம்பு? எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொல்லிரு. நாளைக்கு ஒண்ணு ஆனா உன்னத்தான் கேப்பாங்க." நான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறவள் என்ற திமிர் எனக்கு. அன்றைக்கு நான் கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நான்காம் நாள். மாலை ஐந்து முப்பத்தேழு. ஏழு நிமிடம் தாமதம். சமையலறையில் நிற்கிறேன். மகள் யாழினி பதிவேட்டை விரித்து வைத்திருக்கிறாள். பதினாறு வயது. அவள்தான் டிக் போடுவாள்.

"ராணி, கேளு. கேம்ப்ல விழுந்துருச்சு. எட்டாம் நம்பர் ரூம். பாண்டிக்குத் தொடையில அடி. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. சீரியஸ்தான். ஆனா இருக்கான். பொழைச்சிருவான்னு சொல்லாத, அது தெரியாது. மத்தவங்க அம்புட்டுப் பேரும் இருக்கோம். ஓடுங்கடா, அடுத்தது வருது..."

கட்டாகிவிட்டது. நாற்பது விநாடி இருக்கும். பெயர் வாசிக்கவில்லை. பதிவும் செய்யவில்லை. கை அதற்குப் போகவில்லை.

பாண்டிக்கு வயது இருபத்தாறு. கல்யாணமாகவில்லை. அப்பா இல்லை. அம்மா ராக்கம்மாள் மட்டும்தான்.

ஐந்து நாற்பத்தைந்துக்கு என் குரலில் ஒரு பதிவு போட்டேன். அதை அப்படியே எழுதுகிறேன். 'கேம்ப்பில் குண்டு விழுந்தது. பதினான்கு பேர் நலம். பாண்டிக்குக் காயம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சீரியஸ்தான். மற்ற விவரம் தெரியாது. அடுத்த செய்தி நாளை ஐந்தரை மணிக்கு.'

'ஆனா இருக்கான்' என்று அவர் சொன்னதை விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றால் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம். வகுப்பில் பிள்ளைகள் ஒரு படியை விட்டுவிட்டு விடையை எழுதினால் மதிப்பெண் குறைப்பேன். "அது தெரிஞ்சதுதானே டீச்சர்" என்பார்கள். உனக்குத் தெரியும், திருத்துகிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்பேன்.

இதை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாவைக் கேதம் என்போம். கேதத்தைக் கேதம் என்று போனில் சொல்வதில்லை. 'கொஞ்சம் சீரியஸா இருக்காங்க, கிளம்பி வாங்க' என்பார்கள். தொலைவிலிருந்து தனியாகப் பஸ்ஸில் வருகிறவர் வழியெல்லாம் அழுதுகொண்டு வரக்கூடாது. அதற்காக. சொல்கிறவருக்கும் தெரியும். கேட்கிறவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்பதும் அந்தப் பேச்சில் சேர்த்திதான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது வாசலில் கொட்டுச் சத்தம் கேட்கும்.

எனக்கு இது தெரியாதா? நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது, "அப்பாவுக்கு சீரியஸ், கிளம்பி வா" என்று மாமா போன் செய்தார். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. கோச்சடை வரும்வரை அழாமல் வந்தேன். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

ஊரில் அந்தப் பதிவைக் கேட்டார்கள். புரிந்துகொண்டார்கள். யாரும் என்னிடம் திரும்பக் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. தங்கம்கூடக் கேட்கவில்லை. ராக்கம்மாளிடம் இருந்தது சாதாரண போன், அதில் குழு கிடையாது; பக்கத்து வீட்டார்தான் பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். சொந்தக்காரர்கள் வந்து சேரட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டது. அவருக்குச் சர்க்கரை. இரத்தக் கொதிப்பும் உண்டு.

ஐந்தாம் நாள். காலை ஏழரை. ராக்கம்மாள் ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வேன் வந்து தெருமுனையில் நின்றது. அவருடைய அண்ணன் வீட்டுப் பெண்கள். இறங்கும்போதே தலையை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் வருவார்கள். அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கழுத்தைக் கட்டினார்கள்.

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று தங்கம் சொன்னாள். மக்காச்சோளத்தின் மேலேயே சரிந்தார். மதுரைக்குக் கொண்டுபோகக் காரில் ஏற்றினார்கள். திருமங்கலம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

தங்கம்தான் எனக்குப் போன் செய்தாள். எட்டு ஐம்பது. நான் முதல் பாடவேளைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "டீச்சர், பாண்டி அம்மா போயிருச்சு. மகன் சேதி கேட்டு..." என்றாள். எந்தச் சேதி என்றேன். "நீங்க சொன்ன சேதிதான்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. வராந்தாவிலேயே நின்றேன். உள்ளே பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லக் காத்திருந்தார்கள்.

பஸ் பிடித்துப் பேரையூர் போனேன். அங்கிருந்து ஆட்டோ. துஷ்டி வீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். அழுகிறவர்கள் அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்து அழுதார்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று எழுந்து சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். உட்கார்ந்தே இருந்தேன். எனக்குப் பயம். ரோட்டோரம் மக்காச்சோளம் அப்படியே கிடந்தது. ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. நான்கு மணிக்கு எடுத்தார்கள்.

ஐந்தரை. போன் வந்தது. ஊர்க் கோயிலுக்குப் பின்னால் போய் நின்று எடுத்தேன். பெயர் வாசிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் தொலைவில் இரண்டு வெடி. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

"நான் சொன்னதுல பாதிய விட்டுட்ட," என்றார்.

"ஆமா."

"அங்கதான இருக்க? திரும்பப் போ. நீயே சொல்லு. பாண்டி இருக்கான், என் தப்புன்னு சொல்லு. குழுவுலயும் சொல்லு. இல்லன்னா நாளைக்கு நீ சொல்றத எவனும் நம்ப மாட்டான். நான் சொல்றதையும் நம்ப மாட்டான்."

"என்னால முடியாதுங்க."

"முடியாதுதான். போ."

அவர் மேல் எனக்கு அன்றைக்கு வெறுப்பு வந்தது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் போனேன். சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு நின்றார்கள். சத்தமாகச் சொன்னேன். பாண்டி சாகவில்லை. காயம்தான். நேற்றே எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய சொல்லை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாண்டியின் சித்தப்பா கையில் சொம்போடு என்னைப் பார்த்தார். "இத நேத்து சொல்லிருக்கலாம்ல டீச்சர்," என்றார். அவ்வளவுதான். தங்கம் மட்டும் பின்னாலிருந்து, "டீச்சர் வாயத் தொறந்தா எழவு, மூடுனாலும் எழவு," என்றாள். அவள்தான் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஆறாம் நாள். மதியம் பன்னிரண்டு ஐம்பது. பள்ளியில் சாப்பாட்டு இடைவேளை. தெரியாத வெளிநாட்டு எண். எடுத்தால் பாண்டி. ஒரு மலையாள நர்ஸின் போன். இடது காலை அறுத்த மயக்கம் தெளிந்து முதல் தடவையாகப் பேசுகிறான்.

"டீச்சர், அம்மாகிட்டப் பேசணும். போன் எடுக்க மாட்டேங்குது."

அவனிடம் எப்படிச் சொல்வது? அறுத்த காலோடு படுத்திருக்கிறான். தனியாக. நான் நேற்று பட்டது போதாதா? வாய் தானாகப் பழைய வழியில் போனது.

"அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல பாண்டி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க..."

அந்தப் பக்கம் ஏதோ கருவியின் சத்தம். ஒரே சீராக. பதினொன்று எண்ணினேன்.

"எப்ப எடுத்தாங்க டீச்சர்?"

அவனும் பேரையூர்ப் பக்கத்துக்காரன்தானே.

"நேத்து நாலு மணிக்கு," என்றேன்.

"கொள்ளி யாரு வச்சா?"

"உங்க சித்தப்பா மகன்."

"சரி," என்றான். நர்ஸ் போனை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை ஐந்தரைக்கு நானும் என் கணவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். இனி மூன்றே சொல். இருக்கிறார். காயம். இறந்துவிட்டார். சீரியஸ் கிடையாது. முடியல கிடையாது. இறப்பு என்றால் குழுவில் போடும் முன் ஓர் ஆள் நேரில் போய், கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும். அவர் அங்கே ஆட்களிடம் சொன்னார். நான் இங்கே பதின்மூன்று வீட்டுக்கும் பாண்டியின் சித்தப்பாவுக்கும் தனித்தனியாகப் போன் செய்து சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா என்று தெரியாது.

ஏழாம் நாள். பதினான்கு 'உள்ளேன்'. பாண்டி பெயர் வந்ததும் என் கணவரே "காயம். இருக்கான்" என்றார்.

எட்டாம் நாள். கேம்ப்பில் தண்ணீர் தீர்கிறது. உள்நாட்டுப் பக்கம் ஒன்பது கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்று தகவல். வழி திறந்தவெளி. நடப்பதா, இருப்பதா? ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அவர் அனுப்பிய செய்தியை ஒரு சொல் விடாமல் போட்டேன்.

"நாளைக்குக் காலையில நடக்கப்போறோம். இது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. தண்ணி ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு. அது தெரியும். அதனால நடக்குறோம். மூணு மூணு பேரா, அம்பதடி தள்ளித் தள்ளி நடப்போம். நான் கடைசில வாரேன்."

தங்கம் போன் செய்தாள். "தெரியாதுங்கறதுக்கா ஒரு ஃபோர்மேன்?" என்றாள். அவள் புருஷன் முதல் மூன்று பேரில் ஒருவன். எனக்கும் தெரியாது என்றே சொன்னேன்.

அன்று வைக்கும் முன் அவர் வழக்கத்துக்கு மாறாக, "சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "பொய் சொல்லாத," என்றார். "சரி, இன்னும் இல்ல," என்றேன். "சாப்பிடு. நாளைக்கு அஞ்சரைக்கு."

ஒன்பதாம் நாள். ஐந்தரை. போன் வரவில்லை.

ஐந்து முப்பத்தைந்து. இல்லை. ஐந்து நாற்பது. யாழினி பதிவேட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிர்வீட்டில் குக்கர் விசில். ஒன்று. இரண்டு.

ஐந்து ஐம்பத்தொன்று. மணி அடித்தது. எண்ணைப் பார்த்தேன். அவருடைய எண் இல்லை. செல்வத்தின் எண்.

வாளிக்கு வெளியே இருந்த இரண்டாவது போன். எப்போது எரியும் என்று அவர் சொல்லியிருந்தார். எடுக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் எதுவும் நடக்காமல் இருக்கும். எடுத்தேன். பதிவையும் அழுத்தினேன்.

"அக்கா..." செல்வம் மூச்சு வாங்கினான். காற்று இரைந்தது. "அக்கா, அண்ணே கொஞ்சம் சீரியஸா..."

"செல்வம்."

"அக்கா."

"மூணு சொல்லு இருக்குல்ல. அதுல ஒண்ணச் சொல்லு."

காற்று மட்டும். எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

"செத்துட்டாருக்கா."

"கருப்பையா?" கருப்பையாவுக்கு முழங்கால் வலி. மெதுவாகத்தான் நடப்பார். என் கணவர் அவரோடுதான் வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"அவரும் செத்துட்டாரு. பின்னாடி எண்ணெ லாரி வந்துச்சு. அது மேல குண்டு விழுந்துச்சு. நாங்க முன்னாடி போயிட்டோம். அண்ணே 'திரும்பாத, ஓடு'ன்னு கத்துச்சு."

"நீங்க?"

"பன்னெண்டு பேரு இருக்கோம்."

"பேர் வாசிக்கிறேன்," என்றேன்.

வாசித்தேன். முதல் பெயரை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினேன். பன்னிரண்டு 'உள்ளேன்'. சிலருக்குக் குரல் எழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். வீட்டில் கேட்க வேண்டுமே. என் குரல் வகுப்பில் இருப்பது மாதிரியே இருந்தது. அது யாருடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை.

மகளிடம் திரும்பினேன். கையைப் பிடித்தேன். "அப்பா செத்துட்டாரும்மா," என்றேன். அந்தச் சொல்லையே சொன்னேன். பேனா கீழே விழுந்தது. அவளைக் கட்டிக்கொண்டே தங்கத்துக்குப் போன் போட்டேன். அவள் வீட்டுக்கு நான்காவது வீடு கருப்பையாவின் வீடு.

"தங்கம், செல்வம் இருக்கான். கருப்பையா செத்துட்டார். நீ அவங்க வீட்டுக்குப் போகணும்."

"நான் எப்படிச் சொல்ல டீச்சர்?"

"செத்துட்டார்னு சொல்லு. கையப் பிடிச்சுக்க. வேற ஒண்ணும் சேக்காத."

"டீச்சர், அண்ணே?"

"செத்துட்டார்."

அவள் கத்தவில்லை. "உங்க கையப் பிடிக்க யாரு இருக்கா?" என்றாள். யாழினி இருக்கிறாள் என்றேன்.

பதினைந்து நிமிடத்தில் அவள் திரும்பக் கூப்பிட்டாள். சொல்லியாயிற்று. பின்னால் அழுகை கேட்டது. அதன் பிறகு பதிவு போட்டேன். மாலை ஆறு முப்பத்திரண்டு. பதிவேட்டு வரிசைப்படி பதினைந்து பெயர். கருப்பையா. இறந்துவிட்டார். பிறகு பன்னிரண்டு பேர், இருக்கிறார்கள். பாண்டி. காயம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முருகேசன். இறந்துவிட்டார். அடுத்த செய்தி நாளை ஐந்தரை மணிக்கு.

அடுத்த நாள் ஐந்தரைக்குச் செல்வம் கூப்பிட்டான். அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டான். அவர்கள் விமானம் ஏறிய இருபத்திரண்டாம் நாள் வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. எங்கிருந்து விமானம், எத்தனை மணிக்கு, தெரிந்தது எது, தெரியாதது எது. என் கணவர் பேசிய மாதிரியே பேசினான். கேட்கக் கேட்க எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

பாண்டி வந்த பிறகு அவன் ஊருக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். எந்தச் சொல்லை விட்டேன் என்றும் சொன்னேன். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். இருக்கு. தீந்தா நானே போன் பண்ணிச் சொல்லுறேன்."

சரி என்றேன். இன்னும் போன் வரவில்லை. அவன் பொய்யாகக் கூப்பிட மாட்டான். அது போதும்.

கணக்கு இது.

போனவர்கள் பதினைந்து பேர். உயிரோடு வந்தவர்கள் பதின்மூன்று பேர். அதில் ஒருவருக்கு இடது கால் இல்லை. இரண்டு பேருக்கு வலது காது கேட்பதில்லை. எட்டாம் நம்பர் அறை முழுதும் போயிற்று. பெயின்ட் வாளியும் பதின்மூன்று போனும் கேம்ப்பிலேயே போயின.

கருப்பையா, வயது நாற்பத்தெட்டு. உடல் வந்தது.

முருகேசன், வயது நாற்பத்தாறு. ஒரு பை வந்தது. அதில் ஒரு பெல்ட், ஒரு சாவிக்கொத்து. திருநகர் வீட்டுச் சாவி.

பதிவேட்டில் பதினைந்து பெயர்தான் எழுதியிருந்தேன். பதினாறாவதாக ஒரு பெயர் சேர்த்திருக்கிறேன். ராக்கம்மாள், வயது ஐம்பத்தொன்று. அவர் இருந்த ஊரில் குண்டு விழவில்லை. நான் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லால் செத்தார். அந்தச் சொல் 'இருக்கிறான்'.